ஆங்கிலத்தில் கனமான சொற்கள்: பட்டியலா, வாசிப்பா?

பாமணியாறு (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் கடைசி வருடம் படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். நான் பார்த்து வைத்திருக்கும் இடங்களில் சிலவற்றில் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்கிறார்கள்.

என் பாடத்தில் வரும் ஆய்வுக் கட்டுரைகளை அகராதி இல்லாமலே படித்துவிடுவேன். ஆனால் ஆங்கிலப் பேப்பரின் தலையங்கத்தை எடுத்தால் பத்திக்கு நாலு சொல் இடறுகிறது. நெட்டில் ஆயிரம் சொல், மூவாயிரம் சொல் என்று அகரவரிசைப் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. எப்போது ஆரம்பித்தாலும் 'ஏ' எழுத்தோடு நின்றுவிடுகிறது. அபேட், அபேயன்ஸ், அபெரன்ட் எல்லாம் அத்துப்படி. 'எம்' எழுத்தில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை பார்த்ததில்லை.

பட்டியலோடு மல்லுக்கட்டுவதா, வாசித்துக்கொண்டே போனால் தானாக வந்துவிடுமா? இன்னொன்று: அர்த்தத்தைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாமா? கூடவே கூடாது என்று நிறைய பேர் சொல்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

பட்டியல்தான் தங்கச்சி. யோசிக்கவே வேண்டாம். போட்டித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறவன், அதனால் சொல்கிறேன். 'நிறைய வாசி, தானாக வரும்' என்பது பத்து வருடம் கையில் இருப்பவருக்குச் சொல்லும் யோசனை. உங்களுக்கு இருப்பது சில மாதம். கொஞ்சம் அபூர்வமான ஒரு சொல் வாசிப்பில் மறுபடி கண்ணில் பட எத்தனை பக்கம் தாண்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அது வருவதற்குள் முதலில் பார்த்தது மறந்திருக்கும்.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பழைய புத்தகங்களை வாங்கி ஏமாறாதீர்கள். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை 2011லேயே எடுத்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் தேர்வையே சுருக்கினார்கள். வெர்பல் என்ற ஆங்கிலப் பகுதி இப்போது மொத்தம் 27 கேள்வி, 41 நிமிடம். ஒரு கேள்வியில் மூன்று கோடிட்ட இடம் இருந்தால் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், இரண்டு சரி என்பதற்கெல்லாம் மார்க் கிடையாது. ஆறு சொல் கொடுத்து இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியிலும் அதே கதைதான். ஒரு சொல் தெரியவில்லை என்றால் கேள்வியே போச்சு.

உங்களுக்குப் பிரச்சினை பட்டியல் அல்ல, அகரவரிசை. கலைத்துப் போடுங்கள். மறதி எப்படி வேலை செய்கிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1885லேயே தன் மேலேயே சோதித்து எழுதிவிட்டார். படித்த உடனே வேகமாக மறக்கும், போகப் போக அந்த வேகம் குறையும். அதனால் மறக்கப் போகிற நேரம் பார்த்துத் திரும்பப் பார்க்க வேண்டும். லைட்னர் என்பவர் 1972இல் இதற்கு ஒரு முறை சொன்னார்: சொல்லை ஒரு பக்கமும் பொருளை மறுபக்கமும் எழுதிய அட்டைகளை, அறை அறையாகத் தடுத்த பெட்டியில் வைப்பது. என் மாணவர்கள் ஸ்வீட் டப்பாவில் தடுப்பு வைத்துச் செய்கிறார்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அங்கே இன்னும் தள்ளித்தான் பார்ப்பார்கள். தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும். போனில் வேண்டுமானால் ஆன்கி செயலி இருக்கிறது, அதுவும் இதே கணக்குதான். ஒரு நாளைக்குப் பத்துப் புதுச் சொல் போதும். ஐம்பது என்று ஆரம்பிப்பவர்கள் பொங்கலுக்குள் காணாமல் போகிறார்கள்.

டிகிரி_காபி (கும்பகோணம்)

ஒரே ஒரு சந்தேகம். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் எந்த ஸ்வீட் டப்பாவை வைத்துப் படித்தார்? வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று ஆங்கிலேயர்களே பெயர் கொடுத்த மனிதர். நம் அரசுக் கல்லூரியில் படித்தவர். 😄

வெண்ணாற்றங்கரை

சாஸ்திரியார் பிறந்தது 1869இல். அவர் காலத்துக் கல்லூரியில் கணக்கிலிருந்து சரித்திரம் வரை எல்லாமே ஆங்கிலத்தில்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதிலேயே முங்கிக் கிடந்தவருக்கு டப்பா எதற்கு? பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளையை அவரோடு ஒப்பிடுவது நியாயம் இல்லை நண்பரே.

அரசலாறு (கும்பகோணம்)

ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறீர்கள். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாமணியாறு எங்கே நிற்கிறார் என்று பார்ப்போம். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைப் பட்டியலில் சுமார் 2000 சொல். அதற்கு மேல் எந்தத் துறைக் கட்டுரையிலும் அடிக்கடி வரும் சொற்களை மட்டும் எடுத்து, நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு ஒரு பட்டியல் போட்டார். அதில் 570 சொற்குடும்பம் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்து ஒரு குடும்பம்), அவ்வளவுதான். கல்வித்துறை எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த 570க்குள் அடங்கிவிடுகிறது. இவை இரண்டும், கூடவே தாவரவியல் சொற்களும் கைவசம் இருப்பதால்தான் இந்தப் பெண் ஆய்வுக் கட்டுரையைத் தடையில்லாமல் படிக்கிறார்.

தலையங்கம் வேறு உலகம். பத்திக்கு நாலு சொல் இடறுகிறது என்கிறார். பத்தி நூறு சொல் என்று வைத்தால் 96 விழுக்காடு தெரிகிறது. வந்து சேர்ந்துவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் சுகமாக வாசிக்க 98 விழுக்காடு வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள் வைக்கும் அளவு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். 95 விழுக்காட்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம் சொற்குடும்பம் போதும். 98க்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் தேவை என்று நேஷன் 2006இல் கணக்குச் சொன்னார். கடைசி மூன்று விழுக்காட்டுக்கு மட்டும் அதுவரை சேர்த்த அளவுக்கு மறுபடியும் சேர்க்க வேண்டியிருக்கிறது! ஆகவே, 'இத்தனை படித்தும் முன்னேற்றமே தெரியவில்லை' என்று யாராவது சொன்னால் அவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. இந்தக் கட்டம் எல்லோருக்கும் இப்படித்தான் இழுக்கும்.

இரண்டாவது, பட்டியலைக் கலைத்துப் போடுங்கள் என்று தஞ்சை நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கடையில் விற்கும் பல புத்தகங்கள் அகரவரிசையை விட்டுவிட்டு, ஒரே அர்த்தமுள்ள சொற்களைக் கூட்டாகக் கொடுக்கின்றன. வளவள என்று பேசுபவருக்கு காருலஸ், லொக்வேஷஸ், வால்யுபிள், வெர்போஸ் என்று நாலு சொல் ஒரே பக்கத்தில் இருக்கும். பார்க்க ஒழுங்காக இருக்கிறதே என்று வாங்கிவிடுவோம். ஒரே முகஜாடை உள்ள அண்ணன் தம்பி நாலு பேரை ஒரே கல்யாண வீட்டில் அறிமுகப்படுத்தினால் யார் பெரியவர், யார் சின்னவர் என்று குழம்புமே, அதே குழப்பம்தான் வரும். டிங்கம் என்பவர் 1993இல் இதைச் சோதித்தார். பொருள் நெருக்கமுள்ள சொற்களைச் சேர்த்துப் படிப்பவர்களுக்கு, சம்பந்தமில்லாத சொற்களைப் படிப்பவர்களை விடக் கூடுதல் நேரம் பிடித்தது. ஒன்றை இந்த வாரம் படியுங்கள், அது நன்றாகப் பதிந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

லத்தீன், கிரேக்க வேர்ச்சொல் பற்றியும் யாராவது கேட்பீர்கள். பெனெ என்றால் நல்லது, மால் என்றால் கெட்டது, இந்த அளவுக்குத் தெரிந்தால் போதும். தெரிந்த சொல்லை நினைவில் நிறுத்த வேர் உதவும். தெரியாத சொல்லின் பொருளை வேரை வைத்து ஊகிக்கப் போனால் பரீட்சையில் பள்ளத்தில் விழுவீர்கள்.

ஓடம்போக்கி (திருவாரூர்)

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் வக்கீல். எனக்கும் பிளஸ் டூ வரை தமிழ் வழிதான். என் ஆங்கிலம் எங்கே தேறியது என்று கேட்டால் காவிரி வழக்கில் என்றுதான் சொல்வேன். வழக்கில் நான் ஆஜராகவில்லை, தீர்ப்பை வாசித்தேன், அவ்வளவுதான்.

வாசிப்பு வாசிப்பு என்கிறார்களே, எதை வாசிப்பது என்று யாரும் சொல்வதில்லை. என் கருத்து: விஷயம் ஏற்கெனவே உங்களுக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும், மொழி மட்டும்தான் கடினமாக இருக்க வேண்டும். டெல்டாக்காரனுக்குக் காவிரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் எடுத்தால், கதை தெரியும், பாத்திரங்கள் தெரியும், முடிவும் தெரியும். புதுச் சொல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ரைபேரியன் என்ற சொல்லை எந்தப் பட்டியலில் பார்த்தாலும் 'ஆற்றங்கரை சார்ந்த' என்று ஒரு வரி போட்டிருக்கும். படித்த மறுநாள் போய்விடும். இந்த வழக்குச் சம்பந்தமான எழுத்தில் அது தனியாக வராது, ஸ்டேட் அல்லது ரைட்ஸ் என்று ஒன்றைக் கூட்டிக்கொண்டுதான் வரும். அப்பர் ரைபேரியன் ஸ்டேட் கர்நாடகம், லோயர் ரைபேரியன் ஸ்டேட் நாம். ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது, வயிற்றெரிச்சலோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது.

அடுத்தது அன்கான்ஷனபிள். 1892, 1924 ஒப்பந்தங்கள் போட்டபோது மைசூர் சமஸ்தானம் பிரிட்டிஷாருக்கு அடங்கி இருந்தது, சமமாக உட்கார்ந்து பேரம் பேசும் நிலையில் இல்லை, அதனால் அவை கட்டுப்படுத்தாது என்பது கர்நாடகத்தின் வாதம். அங்கேதான் இந்தச் சொல்லுக்கு வேலை. மனசாட்சி ஒப்புக்கொள்ளாத அளவுக்கு ஒருபக்கமானது என்று பொருள். உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒரு சொல்லுக்காக இரு தரப்பும் எப்படி மோதுகின்றன என்று பார்த்தபின், அதன் எடை என்ன, எந்த இடத்தில் போடலாம், எந்த இடத்தில் போட்டால் சிரிப்பார்கள் என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். டீக்கடையில் வடை விலை ஏறினால் அதை அன்கான்ஷனபிள் என்று சொல்ல மாட்டீர்கள்.

அப்புறம் ஈக்விட்டபிள் அப்போர்ஷன்மென்ட், அதாவது நியாயமான பங்கீடு. இது நமக்குப் புதிதே இல்லை. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடக்கும் பஞ்சாயத்தை மாநில அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். 2007இல் நடுவர் மன்றம், எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்கு 192 டிஎம்சி என்றது, 2018இல் அது 177.25 ஆனது. குறைந்த 14.75ஐக் கர்நாடகத்துக்கு அப்போர்ஷன் செய்தார்கள். அதில் 4.75 பெங்களூருக் குடிநீருக்கு. மீதி 10, நமக்கு நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில் போனது. கடைமடையில் போர் போட்டால் என்ன தண்ணீர் வருகிறது என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். சரி, அது வேறு இழையில் பேச வேண்டியது.

தாவரவியல் படிக்கும் தங்கை தீர்ப்புதான் படிக்க வேண்டும் என்றில்லை. தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்து, அதையே நாலைந்து இடத்தில் வாசித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். வெண்ணாற்றங்கரை அண்ணன் பயந்தது போலப் பல பக்கம் காத்திருக்க வேண்டாம்.

அரசலாறு

வக்கீல் தம்பி சொல்வதற்குப் பெயரே இருக்கிறது, நேரோ ரீடிங் என்பார் மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷென். இன்று அரசியல், நாளை கிரிக்கெட், மறுநாள் சினிமா என்று மேய்வதை விட ஒரே விஷயத்தில் ஊன்றி வாசிப்பது.

டிகிரி_காபி

தீர்ப்பு படிக்காமலே எனக்கு ஒரு சொல் தெரியும். ஆனிகட். கல்லணையை கிராண்ட் ஆனிகட் என்றுதானே எழுதுகிறார்கள்? நம் அணைக்கட்டு அங்கே போய்க் கோட்டு போட்டுக்கொண்டது.

வெண்ணாற்றங்கரை

ஜிஆர்இயில் ஆனிகட் வராது. ரைபேரியனும் வருமா என்பது சந்தேகம்தான். ஓடம்போக்கி சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் பரீட்சைக்கு வரும் சொற்களில் எத்தனை அந்தத் தீர்ப்பில் இருக்கும்?

ஓடம்போக்கி

மிட்டிகேட், கன்டிஞ்ஜென்ட், எக்ஸாசர்பேட், ஸ்டிபுலேட், அர்பிட்ரரி, டெனபிள், ப்ரீக்ளூட். காவிரியைப் பற்றிய தீர்ப்பு, தலையங்கம், கட்டுரை என்று வாசித்தால் இவற்றைத் தாண்டாமல் போக முடியாது. இதில் எதை ஜிஆர்இ வேண்டாம் என்கிறது?

வெண்ணாற்றங்கரை

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியலில் டிக் போட்டுப் பார்க்காவிட்டால் எது விட்டுப்போனது என்று தெரியாது. பட்டியலை வருகைப் பதிவேடு மாதிரியாவது வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தத் தேர்வுக்குத் தெரியாத சொல்லை விடத் தெரிந்த சொல்தான் ஆபத்து. செக் என்றால் சரிபார்ப்பது மட்டுமல்ல, தடுத்து நிறுத்துவதும்தான். ஃபிளாக் என்றால் கொடி மட்டுமல்ல, சோர்ந்து தளர்வதும். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது என்று நினைத்து எழுதுவார்கள், அங்கே ஒரு கூற்றை நிபந்தனை போட்டு மட்டுப்படுத்துவது என்ற பொருளில் வந்திருக்கும். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் சாங்ஷன் ஆனால் சந்தோஷம், ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் போட்டால் தண்டனை. இப்படி இரட்டை வேடம் போடும் சொற்களுக்குத் தனி அட்டை எழுதுங்கள்.

கடைமடை (வேதாரண்யம்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஸ்டாஃப் நர்ஸ், வெளிநாட்டு வேலைக்கு ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதியவள். உங்களுக்கு ஜிஆர்இ, எங்களுக்கு இது. எங்கள் பேட்ச்சில் எல்லோரும் பெரிய பெரிய சொல்லாக மனப்பாடம் செய்தோம். ஸ்பீக்கிங் தேர்வில் எதிரில் இருப்பவர் நோயாளியாக நடிப்பார். அவரிடம் ஹைபர்டென்ஷன், லேசரேஷன் என்று பேசிக்கொண்டே போனால் மதிப்பெண் குறையும். ஹை பிளட் பிரஷர், கட் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அதே விஷயத்தை டாக்டருக்கு எழுதும் ரெஃபரல் கடிதத்தில் மருத்துவச் சொல்லாகவே எழுத வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வு எழுதும் தோழியும் இதையே சொன்னாள். ரைட்டிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் நாலு அளவுகோலில் ஒன்று சொல்வளம், 25 விழுக்காடு. ஏழாம் பேண்டுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் போட்டிருக்கும் குறிப்பில், அபூர்வச் சொல்லோடு கூடவே எந்தச் சொல் எதோடு சேரும் என்ற உணர்வையும் கேட்கிறார்கள். அக்காவாகச் சொல்கிறேன் பாமணியாறு, சொல்லை மட்டும் எழுதாதே, அதன் ஜோடியையும் சேர்த்து எழுது.

பாமணியாறு

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தமிழ் அர்த்தம் பற்றி யாருமே சொல்லவில்லையே?

அரசலாறு

எழுதலாம் அம்மா, தாராளமாக. முதல் அறிமுகத்துக்குத் தாய்மொழிப் பொருள்தான் சுருக்கு வழி. ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் எழுதிய விளக்கத்தில் இன்னும் இரண்டு தெரியாத சொல் இருந்தால் என்ன லாபம்? அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கில-தமிழ் அகராதி இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. சில இடங்களில் தமிழ் கொஞ்சம் பழையதாக இருக்கும், பாதகமில்லை. ஆனால் அட்டையில் தமிழ்ப் பொருளோடு நிறுத்தாதீர்கள். கீழே ஒரு ஆங்கில வாக்கியம், நீங்களே எழுதியது, கட்டாயம் வேண்டும். சந்தேகம் வந்தால் கோகா என்ற அமெரிக்க ஆங்கிலச் சொற்தொகுதியில் தேடுங்கள். நூறு கோடிச் சொல்லுக்கு மேல் இருக்கிறது, ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று வரிசையாகக் காட்டும்.

பாமணியாறு

ஐயா, ஓடம்போக்கி அண்ணன் சொன்ன சொற்களில் மூன்றை எடுத்து இன்று அட்டை எழுதினேன். பார்த்துச் சொல்ல முடியுமா?

கன்டிஞ்ஜென்ட், ஒன்றைச் சார்ந்திருக்கிற: குறுவை ஈஸ் கன்டிஞ்ஜென்ட் ஆன் மேட்டூர் வாட்டர்.

மிட்டிகேட், தணி: தி ரெய்ன் மிட்டிகேட்டட் தி ஃபார்மர்ஸ்.

எக்ஸாசர்பேட், அதிகமாக்கு: யூரியா எக்ஸாசர்பேட்டட் தி யீல்ட்.

அரசலாறு

முதல் அட்டை நன்றாக இருக்கிறது. ஆன் போட்டிருக்கிறீர்கள், பலர் டு போடுவார்கள்.

இரண்டாவதில் மழை விவசாயியைத் தணிக்காது, அவருடைய இழப்பைத் தணிக்கும். மிட்டிகேட்டுக்குப் பின்னால் ஆள் வரக்கூடாது, கெட்ட விளைவு வர வேண்டும்: லாஸ், டேமேஜ், ரிஸ்க், இம்பாக்ட்.

மூன்றாவதில் தமிழ்ப் பொருளை முதலில் திருத்துங்கள். ஏற்கெனவே மோசமாக இருப்பதை இன்னும் மோசமாக்குவதுதான் எக்ஸாசர்பேட். மகசூல் நல்ல விஷயம், அதோடு சேராது. அதிக யூரியா பூச்சித் தாக்குதலை எக்ஸாசர்பேட் செய்தது என்று எழுதுங்கள், தாவரவியலுக்கும் பொருந்தும்.

வெண்ணாற்றங்கரை

இந்த மூன்றையும் நாளைக்கே மறுபடி பாருங்கள் தங்கச்சி. திருத்திய இரண்டும் முதல் அறைக்குத்தான் போக வேண்டும்.